முத்துவை வகுப்பில் எப்படிச் சொல்வது?

1965 பிப்ரவரியில் சத்தியமங்கலம் முத்து தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு உயிர்விட்டார். இந்தி ஒன்றே ஆட்சிமொழியாவதை எதிர்த்து இறந்தவர்களின் வரிசையில் கீழப்பழுவூர் சின்னச்சாமி, கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் என்று பெயர்கள் வரும்போது முத்துவின் பெயரும் வரும். ஜனவரி 25 தோறும் நடக்கும் மொழிப்போர்த் தியாகிகள் நாள் கூட்டங்களில் இந்த ஊரின் பெயர் ஒலிப்பது அவரால்தான். அதே பிப்ரவரியில், இங்கிருந்து சுமார் அறுபது கிலோமீட்டரில் இருக்கும் திருப்பூரில், ஒரு கும்பல் இரண்டு காவல் உதவி ஆய்வாளர்களை உயிரோடு எரித்துக் கொன்றது. அந்த இருவரின் பெயரை மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சத்தியமங்கலத்தில் இன்று ஒரு பத்தாம் வகுப்பில் மொழிப் போராட்டத்தைப் பாடமாக எடுக்கும் ஆசிரியர் இந்த இரண்டு நெருப்பையும் என்ன செய்வார்? ஒருவர் முத்துவைச் சொல்லித் தழுதழுத்துவிட்டுத் திருப்பூரை விட்டுவிடுவார். இன்னொருவர் திருப்பூரை மட்டும் சொல்லி, "போராட்டம்னா இப்படித்தான் ரவுடித்தனத்துல முடியும்" என்பார். பெரும்பாலும் நடப்பது மூன்றாவது. "இது ரெண்டு மார்க் கேள்விதான், அடிக்கோடு போட்டுக்கங்க" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவது. மூன்றாவதைத்தான் நாம் நடுநிலை என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். அது நடுநிலைதானா என்பதே கேள்வி.

கேள்வி பழையது. இதற்கு ஈரோடு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பழைய விடை இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊரான சனகாபுரம் என்பது பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரம்தான் என்பது கொங்கு நாட்டார் வழிவழியாகச் சொல்லிவருவது. சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய இலக்கணத்தின் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நான்கு உவமை வருகிறது: நிலம், மலை, நிறைகோல், மலர். நிறைகோல் என்றால் தராசு. தமிழாசிரியர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் தராசுக்கு பவணந்தி சொல்லும் குணம் ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பொருளின் எடையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டுவது முதல் குணம். இரு தட்டுக்கும் நடுவில் உண்மையாக நிற்பது இரண்டாவது. முள்ளைக் கட்டிப்போட்டுவிட்டால் எந்தத் தட்டில் எதை வைத்தாலும் அது அசையாது. சந்தைக்கு வந்த எவரும் அதை நேர்மையான தராசு என்று சொல்லமாட்டார்கள். பழுதான தராசு என்றுதான் சொல்வார்கள்.

ஆசிரியராகத் தகாதவர்க்கும் பவணந்தி நான்கு உவமை வைத்தார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. இவற்றில் இரண்டு இந்தப் பேச்சுக்கு நேராகப் பொருந்துகின்றன. முடத்தெங்கு என்பது வளைந்து பக்கத்துத் தோட்டத்துக்குள் சாய்ந்த தென்னை. தண்ணீர் ஊற்றுவது ஒருவர், காய் விழுவது வேறொருவர் வீட்டில். எல்லாக் கட்சிக்காரர்களும் கட்டும் வரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு கட்சியின் வேலிக்குள் மட்டும் காயைப் போடும் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. மடற்பனை, அடி முதல் மட்டை அடர்ந்த பனை. யாரையும் ஏறவிடாது, தானாக விழும் பழம்தான் பிறருக்கு. கேள்வியே வரவிடாமல் பாடப்புத்தகத்தை மட்டையாகச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஆசிரியர் இந்த வகை. முதலாமவரை நாம் குற்றம் சொல்கிறோம், இரண்டாமவருக்கு நல்ல பெயர் கொடுக்கிறோம். பவணந்தி இருவரையும் ஒரே பட்டியலில்தான் வைத்தார்.

பவணந்தி சமணர். பெருந்துறை, விஜயமங்கலம் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் சமணம் செழித்த நிலம். சமணத்தின் அடிப்படைகளில் ஒன்று அநேகாந்தம்: எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு, ஒரு கூற்று ஏதோ ஒரு பார்வையில் நின்றுதான் உண்மையாகிறது. இதைக் கேட்டவுடன் "அப்படியானால் எல்லாரும் சொல்வதும் சரிதான்" என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடத் தோன்றும். சமணர்கள் அப்படி எழுந்துவிடவில்லை. நீலகேசி சமண நூல்; அதன் தலைவி பிற சமயத்தாரைத் தேடிப்போய் வாதாடுகிறாள். பல பக்கம் உண்டு என்று ஒப்புவதும், கேட்டபின் ஒரு முடிவுக்கு வருவதும் அவர்களுக்கு முரணாகப் படவில்லை.

சைவர்களிடமும் இதற்கு ஒரு முறை இருந்தது. அருணந்தி சிவாச்சாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், உலோகாயதர் தொடங்கி மற்ற மதத்தார் ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள் என்பதை எடுத்துவைத்து, பிறகே மறுக்கிறார். அவர் நோக்கம் மறுப்பதுதான், அதில் ஒளிவுமறைவில்லை. ஆனாலும் எதிராளியின் வழக்கை எடுத்துச் சொல்லத் தெரியாதவருக்கு அதை மறுக்கும் தகுதியில்லை என்பது அந்த மரபின் விதி. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதியைக் கற்றுத்தந்தாலே ஓராண்டுச் சமூக அறிவியல் பாடத்துக்கு ஈடாகும்.

இந்த நிறைகோலை 1965இன் மேல் வைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு நடந்ததை உள்ளபடி சொன்னாலே போதும், எந்தக் கட்சியின் கதையும் முழுதாக அப்படியே நிற்காது.

1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் ஈரோட்டுப் பெரியார். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் இறந்தது அந்தப் போராட்டத்தில். இது பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். இருபத்தேழு ஆண்டு கழித்து என்ன ஆனது? 1965இல் இந்தி ஆட்சிமொழியாவதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ராஜாஜி முன்வரிசையில் இருந்தார். பெரியாரோ அப்போது காமராஜரின் பக்கம். மாணவர் போராட்டத்தை அவர் ஆதரிக்கவில்லை. வன்முறையைக் கண்டித்துத் தம் நாளிதழான 'விடுதலை'யில் எழுதினார். காங்கிரஸ்காரர்கள் எல்லாரும் டெல்லியின் பக்கம் நின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் அப்போது மத்திய உணவு அமைச்சர். பிப்ரவரி 11 அன்று அவரும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, மக்கள் விரும்பும்வரை ஆங்கிலமும் தொடரும் என்று உறுதி தந்தார். அதே நாட்களில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாநிலம் முழுவதும் இறந்தவர்கள் எழுபது பேர் அளவில் என்பது அரசுக் கணக்கு. ஊர்க்கணக்கு அதைவிடப் பல மடங்கு. பீளமேட்டில் தண்டபாணி என்ற மாணவர் விஷம் குடித்து இறந்தார்.

இதில் பலவும் கொங்கு நாட்டில், ஒரு பேருந்துப் பயண தூரத்துக்குள் அடங்கும் வரலாறு. இதைப் பாடமாக எடுத்தால் வகுப்பில் என்ன நடக்கும்? "சார், முத்து செஞ்சது சரிங்களா?" என்று ஒரு பெண் கேட்பாள். பின்பெஞ்சிலிருந்து, "எரிஞ்சுபோன போலீஸ்காரங்க வீட்லயும் புள்ளைங்க இருந்திருக்குமுங்களே" என்று ஒரு குரல் வரும். "எங்க அப்பாரு அந்தப் போராட்டத்துல போயிருக்காருங்க சார்" என்று தன் தாத்தாவைச் சொல்லி ஒருவன் எழுந்து நிற்பான். தாளவாடி மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் கன்னடம். திருப்பூர், கோவைப் பக்கம் போனால் பனியன் கம்பெனியிலும் மில்லிலும் வேலை செய்ய வந்த பீகார்க்காரரின் மகன் அதே பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டிருப்பான். இந்திப் போராட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பு முழுக்க அவனைத் திரும்பிப் பார்க்கும். ஆசிரியர் என்ன சொல்லப்போகிறார் என்று அவனும் பார்ப்பான்.

அந்தப் பையன் இருக்கும் வகுப்பில், போராட்டம் ஓர் ஆட்சிமொழிக் கொள்கையை எதிர்த்தது, ஒரு மொழியைப் பேசும் மக்களை எதிர்த்தது அல்ல என்ற வேறுபாட்டை ஆசிரியர் விளக்கித்தான் ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு இரு பக்கமும் சொன்னேன் என்பதில் பொருளில்லை. முத்துவைப் பற்றிய கேள்விக்கும் இதே கவனம் வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் தீக்குளிப்பைப் பேசுகிறோம். அந்த இளைஞரின் மனவேதனையை மதிக்கலாம், அவர் எதற்காக இறந்தார் என்பதை விளக்கலாம். அந்தச் சாவை வழியாகக் காட்டிவிடக் கூடாது. உயிரோடிருந்து எழுதியும் பேசியும் ஓட்டுப்போட்டும் மாற்றியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதும் அதே வரலாறுதான். 1967இல் ஆட்சி மாறியது. 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

பழைய கதை என்றும் ஒதுக்க முடியாது. மும்மொழி விவகாரத்தில் பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது என்று தமிழக அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பள்ளிக்கு வரும் பணத்தைப் பற்றிய சண்டையைப் பள்ளிக்குள் பேசக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் எங்கே போய்க் கேட்பார்கள்? கைப்பேசியில்தான்.

பேசாமல் மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழகம் பார்த்திருக்கிறது. 2011இல் ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் நிறுத்தப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 9 அன்று பத்து நாளுக்குள் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. பள்ளி திறந்து ஏறத்தாழ இரண்டு மாதம் பிள்ளைகள் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வந்த புத்தகத்தில் முந்தைய முதல்வரைப் பற்றிய பகுதிகள் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, சில பக்கங்களில் மை பூசியிருந்தது. ஒட்டிய தாளை நகத்தால் கீறிப் பார்க்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? ஆளும் கட்சித் தலைவரைப் புகழ்ந்து பாடம் வைத்தது முதல் தவறு. ஒட்டி மறைத்தது இரண்டாவது. இரண்டையும் செய்தவர்கள் பெரியவர்கள்; இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள்.

அடுத்த ஆண்டே இன்னொன்று. என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் புத்தகத்தில் 1965 போராட்டம் பற்றி ஆர்.கே. லட்சுமண் வரைந்த கேலிச்சித்திரம் இருந்தது. போராடிய மாணவர்களைப் படிப்பறிவற்றவர்களாகக் காட்டுகிறது என்று தமிழகத் தலைவர்கள் கட்சி வேறுபாடில்லாமல் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆராய அமைக்கப்பட்ட தோராட் குழு நீக்கச் சொன்னது. அந்தக் குழுவிலிருந்து மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதியவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், திராவிட இயக்க வரலாற்றை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த தமிழர். தம் மக்களைக் கேலி செய்த படத்தை வகுப்பறையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் நினைக்க முடிந்தது என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது. ஒரு நல்ல ஆசிரியர் கையில் அந்தப் படம், 1965இல் வடக்கு தமிழ்நாட்டை எப்படிப் பார்த்தது என்பதற்கான சான்றாகியிருக்கும். அவமதிப்பைப் படித்துப் பார்த்து விடை சொல்லக் கற்றுக்கொள்ளும் பிள்ளை அதை மறந்த பிள்ளையைவிடப் பலமானது.

எல்லாப் பூசலும் இவ்வளவு எரிவதில்லை. எடைபோடப் பழகுவதற்கு வாசலிலேயே நல்ல பாடம் இருக்கிறது, கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணையில் புறப்பட்டு 200 கிலோமீட்டர் ஓடி, ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறைவைத்து 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாயும் மண் வாய்க்கால். இதைச் சீரமைக்க 709 கோடி ரூபாய்த் திட்டம் வந்தபோது விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். காங்கிரீட் போட்டால்தான் தண்ணீர் கசியாமல் கடைமடைக்கு வந்துசேரும் என்றார்கள் ஒரு தரப்பார். கசிந்தால்தான் கிணறு ஊறும், கரை மரம் நிற்கும், குடிதண்ணீர் இருக்கும் என்றார்கள் மற்றவர்கள். உண்ணாவிரதம், வழக்கு எல்லாம் நடந்தது. இதில் யாரும் கெட்டவர் இல்லை. வாய்க்காலுக்குப் பக்கத்துக் கிணற்றை அளந்து பார்க்கலாம், கடைமடைக்காரர் ஒருவரை வகுப்புக்கே கூப்பிட்டுக் கேட்கலாம். திம்பம் மலைப்பாதையின் இரவுப் போக்குவரத்துத் தடையும் அப்படித்தான். புலிகள் காப்பகத்துக்குள் 27 கொண்டை ஊசி வளைவில் ஏறும் சாலை. 2022இல் உயர் நீதிமன்றம் தடையை நடைமுறைப்படுத்தச் சொன்னதும் தாளவாடி விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். இரவில் அடிபடும் விலங்குக்கும் ஒரு வழக்கு உண்டு, மூட்டையில் வாடும் முட்டைக்கோசுக்கும் ஒரு வழக்கு உண்டு. இவற்றில் பழகிய பிள்ளை பிறகு 1965க்குப் போனால், எது நடந்தது, எது சரி என்ற இரண்டு கேள்வியையும் தானே பிரித்துக்கொள்ளும்.

எல்லை ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதி மாறிப் பழகியதற்காக ஓர் இளைஞனைக் கொன்றது சரியா என்று வகுப்பில் பட்டிமன்றம் நடத்தக் கூடாது. கோகுல்ராஜ் கொலை வழக்கின் தொடக்கம் இந்தக் கொங்கு மண்ணின் திருச்செங்கோட்டில். 2022இல் தண்டனையும் வந்தது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்தாகிவிட்டது. அங்கே இரு தட்டும் சமம் என்று காட்டுகிறவர் தராசில் விரலை வைத்து அழுத்துகிறார். 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளி ஒன்றில், முற்பிறவிப் பாவத்தால்தான் உடற்குறை வருகிறது என்று பேச வந்த ஒருவர் முழங்கியபோது, பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். அவர் நடுநிலை தவறியதாக எந்த நியாயவானும் சொல்லமாட்டார். சமயங்கள் மறுபிறவியைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பாடம் நடத்துவது வேறு. முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து நீ பாவி என்பது வேறு.

இந்த எல்லையைப் பற்றி 1976இல் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் அருகே பாய்ட்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கூடிய கல்வியாளர்கள் யோசித்தார்கள். இட்லர் காலத்து வகுப்பறைகளைக் கண்ட நாடு அது. மாணவரை அடித்துச் சாய்த்துத் தன் கருத்துக்கு இழுக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் பூசலாக இருப்பதை வகுப்பிலும் பூசலாகவே காட்ட வேண்டும். தன் நிலை என்ன, தன் நலன் எது என்று மாணவர் தாமே ஆராயக் கற்க வேண்டும். இவையே அவர்கள் வந்துசேர்ந்த மூன்று உடன்பாடுகள். இரண்டாவதுதான் கூர்மையானது. பூசல் உண்மையில் இருந்தால் காட்டு, இல்லாததை உண்டாக்காதே. பவணந்தியின் நிறைகோலை அவர்கள் படித்திருக்கமாட்டார்கள், ஆனால் அதே இடத்துக்குத்தான் வந்தார்கள்.

ஆசிரியருக்குப் பயம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி அரசியலில் சேரக் கூடாது என்கின்றன. வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியம் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஏறி, மாலைக்குள் தலைமையாசிரியருக்குத் தொலைபேசி வரும் காலம் இது. ஆனால் விதி தடுப்பது கட்சி வேலையை. 1965இல் நடந்ததைச் சொல்லிக்கொடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. "சார், நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டால் எனக்குக் கருத்தே இல்லை என்று சொல்வது பொய். யார் வீட்டுத் திண்ணையில் எந்தக் கொடி கட்டும் என்று ஊருக்கே தெரியும். முதலில் நீங்கள் எல்லாரும் சொல்லுங்கள், என் கருத்தைக் கடைசியில், காரணத்தோடு, ஒரு கருத்தாக மட்டும் சொல்கிறேன் என்பது நேர்மை. எதிர்க்கட்சிக்காரரான ஒரு தகப்பன் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருந்தால், "எங்க வழக்கை எங்களைவிட நல்லா எடுத்துச் சொன்னாருங்க" என்று போக வேண்டும். அதுதான் சோதனை.

தேர்தலன்று இதே ஆசிரியர்கள்தான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இதுபோன்ற ஒரு வகுப்பறையில் உட்காருகிறார்கள். இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை மூன்று ஆண்டில் விரலை நீட்டிக்கொண்டு அப்படியொரு மேசைக்கு முன்னால் வந்து நிற்கும். அதற்கு முன் கைவசம் இருப்பது வாரத்துக்குச் சில பாடவேளைகள். சத்தியமங்கலத்து ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அந்தப் பாடம் வரும்போது பக்கத்தைப் புரட்டாதீர்கள். முத்துவைச் சொல்லுங்கள், அதே மூச்சில் திருப்பூரில் எரிந்த அந்த இருவரையும் சொல்லுங்கள், மணி அடிக்கும்வரை பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள்.